மூப்பர் வீட்டுக்குச் சீட்டு இல்லை

எழுந்திருக்க மாட்டேன். பாட்டின் கடைசிச் சரணம் வந்துவிட்டது. சீட்டு இல்லாதவர்கள் இந்தச் சரணம் முடிவதற்குள் எழுந்து வெளியே போய்விட வேண்டும், ஸ்காட்லாந்துக்கார மிஷனரிகள் இந்த ரயிலடிக் கோயிலைக் கட்டிய நாளிலிருந்து அதுதான் வழக்கம், வருஷத்துக்கு நான்கு திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் நாள், நான்கு தரமும் சீட்டு உள்ளவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இல்லாதவர்கள் வாதாமரத்தடியில் போய் நிற்பார்கள். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். போன மாதம் குடித்துவிட்டு அண்ணன் மண்டையை உடைத்த யோபுகூடத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். நான் போகவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு, முப்பத்தைந்து வருஷமாக நான் உட்காரும் இடம், ஜன்னலோரம் என் மகள் கெசியா, நடுவில் நான், நடைபாதைப் பக்கம் அன்னபாக்கியம் அக்கா. அக்கா வாயில் கிராம்பு. முழங்கையால் என் விலாவில் மெதுவாக இடிக்கிறாள். “ஏண்டி லீதியா, வெளிய போவலியா? சரணம் முடியுது.” நான் பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “உங்களுக்கு எப்படிக்கா தெரியும், எனக்குச் சீட்டு இல்லேன்னு?” “ஊருக்கே தெரியும்டி. சந்தோஷம் மூப்பர் வாசல்லேயே சொல்லிட்டாரு.” சொல்லுவார், சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர், சொல்லாமல் இருப்பாரா. காலையில் வாசலில் பித்தளைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார், எல்லாரும் சீட்டைத் தட்டில் போட்டுவிட்டு உள்ளே நுழைகிறார்கள், நான் வெறுங்கையோடு நுழைகிறேன். “சீட்டை வீட்ல மறந்துட்டீங்களாம்மா?” “மறக்கல. குடுக்கல.” “யாரு குடுக்கல?” “உங்க பக்கத்து நாற்காலியில உக்காருவாரே, அவருதான்.” மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் இப்போது மேஜைக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கைகள் இரண்டும் முழங்கால் மேல், மூப்பர் ஞானாபரணம், ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தா, என் புருஷன். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு அவ்வளவு பாடுபடுகிறார். நேற்று இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான்தான் அந்தச் சட்டையை. காலரில் கஞ்சி அதிகமாகிவிட்டது, கழுத்தில் அறுக்கும். அறுக்கட்டும்.

சரணம் முடிந்துவிட்டது. உட்கார்ந்தாயிற்று. இனி எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், எழாவிட்டாலும் பார்ப்பார்கள். மேஜை விரிப்பை எடுக்கப் போகிறார்கள், இரண்டு மூப்பர்கள் இரண்டு முனையைப் பிடித்து மடித்து மடித்து எடுப்பார்கள், அந்த விரிப்பையும் நான்தான் துவைத்தேன், நீலம் போட்டு, மாடிக் கொடியில் காயவைத்து. அதற்கடியில் இருக்கும் ரொட்டியை நான்தான் வெட்டினேன். பேக்கரி ரொட்டி, நான்கு பக்கமும் ஓரத்தைச் சீவிவிட்டு, அரை அங்குலச் சதுரமாக, ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை கத்தி எடுக்கக் கூடாது என்பதால் சனிக்கிழமை சாயங்காலமே வெட்டி ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும். திராட்சை ரசமும் என் கைதான். உலர்ந்த கறுப்புத் திராட்சையை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்து வடிகட்டிக் காய்ச்சி ஆறவைப்பது. இதோ நகக்கண்ணில் இன்னும் கறை போகவில்லை, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நேற்று நான் திராட்சையைப் பிழிந்துகொண்டிருந்தபோது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் முறுக்கிப் பிழிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “லீதியா, வேற யாரையாவது செய்யச் சொல்லட்டுமா?” என்றார். “ஏன், சீட்டு இல்லாத கையில செஞ்சா புளிச்சுப் போயிடுமா?” என்றேன். பேசாமல் போய்விட்டார். பேசாமல் போவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே சண்டை. தட்டை எறிய மாட்டார், கத்த மாட்டார், முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாள் கை ஓங்கியதில்லை, ஊரில் எந்தப் பெண்ணும் என்னைப் பார்த்து உனக்கென்னடி குறை என்றுதான் கேட்பாள். கேட்கட்டும். நான் சொல்லத் தொடங்கினால் இந்த ஆராதனை சாயங்காலம் வரை முடியாது.

வியாழக்கிழமை நடந்ததை முதலிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன், எங்கேயாவது நான் தப்பாகப் பேசினேனா என்று. திருவிருந்துக்கு முந்தின வாரம் ஒவ்வொரு மூப்பரும் தன் பகுதியிலுள்ள வீடுகளுக்கெல்லாம் போய் மூன்று கேள்வி கேட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் தெரு அவருடைய பகுதி. எங்கள் தெருவில்தான் எங்கள் வீடு இருக்கிறது. ஆகவே எங்கள் வீட்டுக்கும் மூப்பர் வர வேண்டும். வேறு யாராக இருந்தாலும் சீட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் அப்படிச் செய்ய மாட்டார். மூப்பரான முதல் வருஷத்திலிருந்து, முப்பத்தோரு வருஷமாக, சட்டை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, கொல்லைப்பக்கக் கதவு வழியாக வெளியே போய், பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, தன் வீட்டுக் கதவையே தட்டுவார். நான் திறக்க வேண்டும். “வாங்க மூப்பரய்யா” என்று சொல்ல வேண்டும். விருந்தாளிகளுக்கான நாற்காலியில் உட்காருவார், தான் எப்போதும் உட்காரும் சாய்வு நாற்காலியில் அல்ல. முதல் தரம் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, இருபத்தைந்து வயது, கெசியா கைக்குழந்தை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். “சிரிக்காத லீதியா, இப்ப நான் உன் வீட்டுக்காரன் இல்ல” என்றார். “அப்ப காபிக்குச் சர்க்கரை எவ்ளோன்னு கேக்கணுமா?” என்றேன். அவருக்கே உதட்டோரம் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. தனியாக ஜெபிக்கிறீர்களா? ஜெபிக்கிறேன். வீட்டில் குடும்ப ஜெபம் தவறாமல் நடக்கிறதா? நடத்துகிறவரே அவர்தான், காலையில்தான் நடத்தியிருப்பார், ஆனாலும் கேட்பார், நடக்கிறது ஐயா என்று நானும் சொல்வேன். யாரோடாவது மனஸ்தாபம் உண்டா? இல்லை. சீட்டு. ஜெபம். எழுந்து போய்ச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகத் திரும்பி வந்து, “சாப்பாடு ஆச்சா?” என்பார். அப்போது புருஷன். எனக்கு அது பிடித்தும் இருந்தது, அதை மறைப்பானேன். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒரு மனிதர் கதவைத் தட்டி உள்ளே வந்து உட்கார்ந்து, உன் மனசில் யார்மேலாவது வருத்தம் உண்டா என்று கேட்கிறார் என்றால் எத்தனை பெண்களுக்கு அது கிடைக்கும். பதிலைத்தான் நான் கொடுக்கவில்லை. கடைசி ஆறு வருஷத்தில் இருபத்துநான்கு தரம் கேட்டார், இருபத்துநான்கு தரமும் இல்லை என்றேன், இருபத்துநான்கும் பொய். இந்த வியாழக்கிழமை கேட்டார். “உண்டு” என்றேன். பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்த பேனா நின்றது. “யாரோட?” “உங்களோட.” சீட்டு அவர் கையில் இருந்தது, என் பெயர் எழுதி, திருமதி லீதியாள் ஞானாபரணம் என்று, தபால் ஆபீஸ் கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது வீட்டு விஷயம், லீதியா. இதை இங்க கொண்டுவராத.” “வீட்டு விஷயம்னா நீங்க எதுக்கு முன்வாசல் வழியா வந்தீங்க?”  சீட்டைப் பைக்குள் வைத்தார். மனஸ்தாபம் உள்ளவருக்குச் சீட்டுக் கொடுக்கக் கூடாது, அது விதி. ஜெபம்கூடப் பண்ணினார். கண்ணை மூடிக்கொண்டு, இந்த வீட்டுச் சகோதரியின் மனக்கசப்பை மாற்றும் என்று. இந்த வீட்டுச் சகோதரி! எழுந்து போனார், சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார், கொல்லைக் கதவு திறந்த சத்தம் கேட்டது, நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

விரிப்பை எடுத்துவிட்டார்கள். போதகர் எழுந்து நிற்கிறார். இந்தப் போதகர் வந்து மூன்று வருஷம் ஆகிறது, நல்ல குரல், நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, அவர் மகன் மேலும் இல்லை. ஜோயல் கெட்டிக்காரப் பையன். டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வு ஞாயிற்றுக்கிழமை வந்தது, போய் எழுதினான். எழுத வேண்டியதுதான். யாரோ கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், மூப்பர் சங்கம் கூடியது, மூன்று வாரம் முன்னால், நம் வீட்டு மனிதரும் போனார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார். வத்தக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். “ஜோயல் விஷயம் பேசினோம். அவசியமான வேலைக்கும் இரக்கமான வேலைக்கும் ஓய்வுநாள்ல தடை இல்ல. வைத்தியம் படிக்கிறது ரெண்டுக்குள்ளயும் வரும்னு எழுதிட்டோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.” குழம்பை ஊற்றிக்கொண்டார். “காலம் மாறுது, லீதியா.” காலம் மாறுது. என் கையில் கரண்டி இருந்தது. கெசியா எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகம் மாறவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த விரல் மட்டும் ஒரு நொடி நின்றது, பிறகு பிசைந்தது. “இன்னும் கொஞ்சம் பொரியல் போடும்மா” என்றாள். அவளுக்கு அவரைக்காய் பிடிக்காது. எனக்குக் காதில் இரைச்சல் வந்தது அப்போதுதான், இன்னும் போகவில்லை, இப்போதும் இந்த மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் கேட்கிறது. எப்போது மாறியது காலம்? எந்தத் தேதியில்? ஆறு வருஷம் முன்னால் இந்தப் பெண்ணுக்கு வங்கித் தேர்வு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அது எங்கே போயிருந்தது, வேலூருக்கா?

முதல் கட்டத்தில் தேறியிருந்தாள். எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் தேறியதில்லை. இரண்டாம் கட்டம் செங்கல்பட்டில், காலை ஒன்பது மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை. ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தேதியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் போகாதே என்று சொல்லவில்லை, அதுதான் அவருடைய சாமர்த்தியம், அவர் எதையும் போகாதே செய்யாதே என்று சொல்ல மாட்டார். “நீ போனா நான் தடுக்க மாட்டேன்மா. பெரியவ நீ. ஆனா அடுத்த வாரம் சீட்டுக் குடுக்க வரும்போது ஓய்வுநாளைப் பத்திக் கேப்பேன். கேக்காம இருக்க முடியாது என்னால.” அவ்வளவுதான். அவளுக்கு இருபத்தாறு வயது. படித்த புத்தகங்களை எல்லாம் அட்டை போட்டு வைத்திருந்தாள். போகவில்லை. அடுத்த வருஷம் விண்ணப்பம் போடவில்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை, நான் கேட்டபோது எல்லாமே ஞாயிற்றுக்கிழமைதானேம்மா என்றாள். வயது வரம்பு முப்பத்தொன்று, போன பங்குனியோடு போய்விட்டது. இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள், காலையிலிருந்து இரவு வரை, தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவளைப் போல் யாருக்கும் தெரியாது என்று கடைக்காரர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். வரன்களும் வந்தன, போயின, அது வேறு கதை. அவர் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பிறகு ஒரே ஒரு தரம் பேசினார், ஜெபத்தில், எங்கள் மகள் உமக்காகச் செய்த தியாகத்துக்காக நன்றி என்று. உமக்காக. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாள். எனக்கு அன்றைக்கே எழுந்து அந்தச் சாய்வு நாற்காலியைத் தெருவில் வீச வேண்டும் போலிருந்தது. வீசவில்லை. ஆமென் சொன்னேன், அவளைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, கெசியா கடையிலிருந்து வந்த பிறகு அவளுக்காகத் தனியாக மறுபடி வந்தார் மூப்பர். நான் சமையலறையில் மாவு கரைத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். எனக்குள் ஒரு ஆசை. அவளும் சொல்லுவாள், உண்டு என்று சொல்லுவாள், இரண்டு பேருமாகச் சொன்னால் அவர் எங்கே போய் நிற்பார் பார்க்கலாம். “யாரோடாவது மனஸ்தாபம் உண்டாம்மா?” “இல்லப்பா.” எத்தனை சுலபமாகச் சொன்னாள். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். “ஏண்டி பொய் சொன்ன?” என்றேன். “எனக்கு நாளைக்குச் சீக்கிரம் கடைக்குப் போகணும்மா. இதையெல்லாம் ஆரம்பிச்சா விடிஞ்சிரும்” என்றாள். கோபம் யாருக்கு வர வேண்டும், அவளுக்கல்லவா வர வேண்டும், அவளுடைய வாழ்க்கையல்லவா அது, நான் அவளுக்காகத்தானே நிற்கிறேன். அவளுக்காகத்தானே. இந்த இடத்தில் வந்து என் நினைப்பு எப்போதும் ஒரு ஆணியில் மாட்டிய சேலைபோல நின்றுவிடும், இழுத்தால் கிழியும், ஆகையால் இழுக்காமல் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை. வேண்டாம். கஞ்சி போட்டுச் சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன், நீலநிறம், வெள்ளைப் பூப் போட்டது. அவள் கிணற்றடியில் என் பக்கத்தில் வந்து நின்று, வேண்டாம், அதை நினைக்க இது நேரமில்லை, போதகர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த வசனம்தான். ஒவ்வொரு திருவிருந்திலும் வாசிப்பதுதான், காதில் எத்தனையோ தரம் விழுந்ததுதான். பலிபீடத்துக்குக் காணிக்கையோடு வருகிற ஒருவனுக்கு, தன்மேல் தன் சகோதரனுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகி வர வேண்டும். கொஞ்சம் இரு. மறுபடி வாசிக்க மாட்டாரா? யார் போக வேண்டும்? குறை வைத்திருக்கிறவனா? இல்லையே. யார்மேல் குறை இருக்கிறதோ அவனல்லவா. காணிக்கையைக் கீழே வைக்க வேண்டியவன் அவனல்லவா. எனக்கு அவர்மேல் குறை. அப்படியானால் நிறுத்தப்பட வேண்டியது நானா, அவரா?  முப்பத்தோரு வருஷமாக மூப்பர், வேதத்தில் எந்த அதிகாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டே சொல்லுவார், தபாலில் ஒரு விலாசம் மாறிப் போனதில்லை அவர் கையில், இதை மட்டும் தலைகீழாகப் படித்திருக்கிறார். இவர்கள் எல்லாருமே தலைகீழாகப் படித்திருக்கிறார்கள். வருத்தப்பட்டவர்களைப் பிடித்து வெளியே வாதாமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, வருத்தப்படுத்தினவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்று. அவரை யார் கேட்டார்கள்? மூப்பர்கள் வீட்டுக்கு யார் போகிறார்கள்? அவருடைய சீட்டு எனக்குத் தெரியும், புதன்கிழமை ராத்திரி பகுதிச் சீட்டுகளையெல்லாம் எழுதும்போது முதலில் தன் பெயரைத்தான் எழுதுவார், திரு. ஞானாபரணம், கீழே கையெழுத்து, மூப்பர் ஞானாபரணம். கேள்வி கேட்காமல் சீட்டு வாங்குகிற ஒரே வீட்டுக்காரர் எங்கள் தெருவில் அவர்தான்.

அப்பத்தைப் பிட்டாகிவிட்டது. மூப்பர்கள் எழுந்துவிட்டார்கள். ஆண்கள் பக்கம் சந்தோஷம் மூப்பர், பெண்கள் பக்கம் இவர். மற்ற சபைகளில் தட்டைக் கைமாற்றி அனுப்புவார்களாம், இங்கே அப்படியில்லை, பெஞ்சுகளுக்கு நடுவே விசாலமாக இடம் விட்டிருக்கிறார்கள், மூப்பர் பக்கவாட்டில் நடந்து ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று தட்டை நீட்டுவார். முதல் பெஞ்சு. அவர் வலது கால் கொஞ்சம் இழுக்கும், சைக்கிளில் தபால் ஆபீஸுக்குப் போகும்போது விழுந்த கால், அதற்கு நான்தான் ஆறு மாதம் எண்ணெய் தேய்த்தேன்.  என்ன செய்யப் போகிறார்? என் முன்னால் தட்டை நீட்டினால் விதியை மீறினார். நீட்டாமல் தாண்டினால் இத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியைத் தாண்டினார். நீட்டினால் நான் எடுப்பேனா? எடுத்தால் சமாதானமாகிவிட்டேன் என்று ஆகிவிடும், எல்லாம் சரியாகிவிட்டது பார் என்று அக்கா சொல்லுவாள், மத்தியானம் சாப்பாடு போட வேண்டும், ஆறு வருஷம் மறுபடி அதன் மேல் விரிப்பைப் போட்டு மூட வேண்டும். எடுக்க மாட்டேன். இரண்டாவது பெஞ்சு பிள்ளைகள் உட்கார்ந்த பெஞ்சு, காலியாக இருக்கிறது. இதோ திரும்புகிறார். அன்னபாக்கியம் அக்கா இரண்டு விரலால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள், கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு. இப்போது என் முன்னால். தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறார். நீட்டவில்லை. நகரவும் இல்லை. கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருக்கிறது, அவ்வளவு அழுத்தம். கண்கள் என் தலைக்கு மேல் எங்கேயோ இருக்கின்றன. பிறகு இடது கால் ஜன்னல் பக்கமாக ஒரு எட்டு நகர்ந்தது. தாண்டுகிறார். என்னைத் தாண்டுகிறார்.

“மூப்பரய்யா,” என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் மின்விசிறியைத் தவிர வேறு சத்தமில்லாத இடம் அது. “உங்களை யாரு கேட்டாங்க?” நின்றார். “லீதியா. அப்புறம் பேசலாம்.” “உங்க சீட்டை எழுதினது யாரு?” அக்காவின் வாய் அசைவது நின்றுவிட்டது. அவர் பொய் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும், முப்பத்தைந்து வருஷமாக எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்ததெல்லாம் அதனால்தான். “நான்தான்,” என்றார். “கேட்டுட்டு எழுதினீங்களா, கேக்காமலா?”  அவர் கழுத்தில் காலர் அறுத்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. மெதுவாகத் தட்டைக் கெசியாவுக்கு நேராக நீட்டினார், வேறென்ன செய்வது என்று தெரியாதவரைப் போல. கெசியா கையை நீட்டவில்லை. “எடும்மா.” “வேணாம்ப்பா.” “ஏம்மா?” “வெள்ளிக்கிழமை நான் சொன்னது பொய். எனக்கும் மனஸ்தாபம் உண்டு.” எனக்கு உடம்பெல்லாம் ஒரு வேகம் ஏறியது, இதோ, இதோ, வந்துவிட்டாள் என் மகள் என் பக்கம். அவர் வாய், கேட்க வேண்டாம் என்று முகம் சொல்லும்போதே, பழக்கத்தினால் கேட்டுவிட்டது. “யாரோட?” அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ரெண்டு பேரோடயும்,” என்றாள்.

 அவர் குனிந்து தட்டை அன்னபாக்கியம் அக்காவின் மடியில் வைத்தார். “அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.” “நானா? நான் பொம்பள தட்டைத் தொடலாமா?” என்றாள் அக்கா, பதறிப்போய், ஆனால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் முன்னாலிருந்த பிள்ளைகள் பெஞ்சில் எங்களைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார், பெண்கள் பக்கத்தில், முழங்கால் மோவாயைத் தொடுகிற சின்ன பெஞ்சில். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மூன்று வாரமாக, ஆறு வருஷமாக, என் வீட்டில் கோபம் என்று ஒன்று இருந்தால் அது என்னுடையது என்று நினைத்திருந்தேன், நான் அதைச் சமைத்து நான் அதைத் தின்றுகொண்டிருந்தேன், அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு. அவளிடம் எவ்வளவு இருக்கிறது என்று நான் ஒரு நாள் தட்டிக் கேட்டதில்லை. “என் மேலயா?” என்றேன். “ஆமா.” “அவரு மேல அதிகமா, என் மேல அதிகமா?” கேட்கக் கூடாத கேள்வி, ஆனாலும் கேட்டேன், என் குரலில் இன்னும் கோபம்தான் இருந்தது, அவள்மேலும் வந்துவிட்டது இப்போது. கெசியா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். “உன் மேலதாம்மா. அப்பா என்ன சொல்வாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீ என்ன சொல்லப் போறேன்னுதான் தெரியல. கிணத்தடியில வந்து நின்னு கேட்டேன், நீ சொன்னா நான் போறேம்மான்னு. நீ வாளியைத் தூக்கிட்டு உள்ள போயிட்ட.” போனேன். வாளியில் பாதிதான் தண்ணீர் இருந்தது, அது நிறைந்துவிட்டதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனேன், திரும்பிப் பார்க்காமல், பின்னால் அவள் நின்றுகொண்டிருக்கிறாள் என்று முதுகு முழுவதும் தெரிந்தது. அவருக்கு ஒரு விதி இருந்தது, தலைகீழாகப் படித்தாலும் விதி. எனக்கு என்ன இருந்தது? “இவளை நீ போகச் சொல்லுவேன்னு நான் நினைச்சேன், லீதியா,” என்றார் அவர் அந்தச் சின்ன பெஞ்சிலிருந்து, மிக மெதுவாக. “சொல்லியிருந்தா நான் பேசாம இருந்திருப்பேன்.” “நீங்க சும்மா இருங்க,” என்றேன். “உங்க கணக்கு அப்புறம்.”   பெஞ்சில் அவள் பக்கமாக முழுவதும் திரும்பி உட்கார்ந்தேன். “சொல்லு,” என்றேன். “விடாம சொல்லு. அன்னிக்கு ராத்திரி என்ன பண்ணின, அதுலேருந்து ஆரம்பி.” மேஜைப் பக்கத்திலிருந்து போதகர் தொண்டையைச் செருமினார், இரண்டாம் தரமும் செருமினார். “கொஞ்சம் இருங்க ஐயா,” என்றேன். “அவ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”